திருச்சுவர் ஓவியமும் வண்ணம் பிணைக்கும் பசையும்

திருக்கோயில் என்பது கருங்கல்லாலும் செங்கல்லாலும் மட்டும் ஆயதன்று. கல்லில் சிற்பமும், செம்பில் திருமேனியும், நாவில் பண்ணும், சுவரில் சித்திரமும் ஒருங்கு கூடிய இடமே கோயிலெனப் பெயர் பெறும். இவற்றுள் கல்லும் செம்பும் காலத்தை வெல்லும் ஆற்றல் வாய்ந்தவை. பண்ணோ வாய்வழியாகத் தலைமுறை தோறும் புத்துயிர் பெறுவது. சித்திரம் ஒன்றே மிக மெல்லிய உடம்பினை உடையது. நகத்தின் கனமும் இல்லாத வண்ணப் படலத்தில் அது தன் வாழ்நாளைக் கழிக்கிறது. ஆயினும் ஆயிரம் ஆண்டு கடந்தும் சில சித்திரங்கள் நம் நாட்டில் நின்று நிலவுகின்றன. அவை எவ்வாறு நின்றன, ஏனையவை எவ்வாறு அழிந்தன என்பதை அறிதல் குடமுழுக்குத் திருப்பணியில் ஈடுபடும் அன்பர் அனைவர்க்கும் இன்றியமையாதது.

தமிழ்நாட்டில் கோயிலும் சித்திரமும் கொண்ட உறவு மிகப் பழமையானது. சங்க நூல்களுள் ஒன்றான பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் எழுதப்பெற்ற மண்டபத்தை விரித்துரைக்கிறது. முருகப்பெருமானை வழிபட வந்தோர் அங்கிருந்த உருவங்களைச் சுட்டி, இவர் யாவர் என வினவியதும், அறிந்தோர் காமனும் இரதியும் அகலிகையும் எனக் கதை கூறியதும் அப்பாடலில் வருகின்றன. எழுத்தறியாதார்க்கும் புராணம் உணர்த்தும் ஏடாகச் சுவர் விளங்கியமை இதனால் புலனாகும். பின்னர், ஏழாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் ‘சித்திரகாரப்புலி’ என்னும் விருதுப் பெயரைத் தாங்கினான். அவன் காலத்து மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் ‘தட்சிண சித்திரம்’ என்ற தொடர் காணப்படுகிறது. மண்ணாளும் வேந்தன் ஒருவன் ஓவியருட் புலி எனப்படுதலைப் பெருமையாகக் கொண்டான் என்பதிலிருந்து அக்கலைக்கு அந்நாளில் இருந்த ஏற்றத்தை உய்த்துணரலாம்.

பசையின் இன்றியமையாமை

வண்ணம் என்பது பெரும்பாலும் தூளே. காவிக்கல்லை அரைத்தால் செம்மையும், மஞ்சள் மண்ணை அரைத்தால் மஞ்சளும், விளக்கின் கரியைத் திரட்டினால் கருமையும் கிட்டும். ஆனால் இத்தூளை நீரிற் குழைத்துச் சுவரிற் பூசினால், நீர் உலர்ந்தவுடன் விரல் பட்ட அளவிலேயே உதிர்ந்து விடும். தூளைத் தூளோடும், தூளைச் சுவரோடும் பிணைக்க ஒரு பொருள் வேண்டும். அப்பிணைப்புப் பொருளே ஓவியத்தின் உயிர்நாடி. எந்தப் பசையால் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே ஓவியம் எதைத் தாங்கும், எதனால் அழியும் என்பது முடிவாகிறது.

இப்பிணைப்பினை மாந்தர் இரு வழிகளிற் கண்டனர். ஒன்று, சுண்ணாம்புச் சாந்து ஈரமாய் இருக்கும்போதே நீரிற் குழைத்த வண்ணத்தைத் தீட்டுதல். சாந்திலுள்ள சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக மாறுகையில், வண்ணத்தையும் தன்னுள் அடக்கிக் கொள்ளும். இங்குப் பசை தனியே வேண்டுவதில்லை. சுவரே பசையாகி விடுகிறது. இதனை மேனாட்டார் ‘பிரெஸ்கோ’ என்பர். மற்றொன்று, உலர்ந்த பரப்பின்மேல் ஏதேனும் ஒரு பசையில் குழைத்த வண்ணத்தால் எழுதுதல். இதற்கு ‘டெம்பெரா’ என்று பெயர். எந்தப் பசையைக் கொள்வது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு.

மேனாட்டின் முட்டைக்கரு வண்ணம்

இத்தாலி, கிரேக்கம், உருசியா முதலிய நாடுகளில் கிறித்தவத் திருவுருவங்களை எழுதியோர் கோழிமுட்டையின் மஞ்சட் கருவையே பசையாகக் கொண்டனர். கி.பி. 1400ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த சென்னினோ சென்னினி என்னும் இத்தாலிய ஓவியர் இம்முறையைத் தம் நூலில் படிப்படியாக விளக்கியுள்ளார்.

கடையில் வாங்கும் வண்ணமன்று அது. ஓவியன் தன் இல்லத்திலேயே அன்றன்று ஆக்கிக் கொள்வது. முதலில் வண்ணக் கல்லை நீர் விட்டு வெண்ணெய் போல் அரைத்து வைப்பர். முட்டையை உடைத்து, வெண்கரு முற்றும் நீங்குமாறு மஞ்சட் கருவைக் கைமாற்றி மாற்றி உருட்டுவர். பின் அதனை மூடியுள்ள மெல்லிய தோற்பையைக் குத்தி, உள்ளிருக்கும் குழம்பை மட்டும் கிண்ணத்தில் வடிப்பர். சிறிது நீர் கூட்டி, அரைத்த வண்ணத்தோடு ஏறத்தாழச் சம அளவிற் கலப்பர். இளையோர் முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டையின் வெளிறிய கருவும், முதியோர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவும் ஏற்றன என்று சென்னினி வகுத்துரைப்பது அவர்தம் நுண்ணிய நோக்குக்குச் சான்றாகும்.

மஞ்சட் கருவில் ஏறத்தாழப் பாதி நீர். எஞ்சியதில் கொழுப்பு மிகுதியும் புரதம் அதனினும் குறைவாகவும் உள்ளன. நெய்யும் நீரும் இயல்பாக ஒன்றோடொன்று கலவா. ஆயினும் கருவிலுள்ள லெசித்தின் என்னும் பொருள் அவ்விரண்டையும் பிரியாது இணைத்து வைக்கிறது. தீட்டிய வண்ணம் சில நொடிகளில் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்து இழைத்தல் இயலாது. மெல்லிய தூரிகையால் மயிரிழை போன்ற கோடுகளை அடுக்கடுக்காக இட்டே நிழலும் ஒளியும் காட்டுதல் வேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல அப்படலம் இறுகி, நீராலும் எளிதிற் கரையாத உறுதியைப் பெறும். மரப்பலகையில் இவ்வண்ணத்தை எழுதுமுன், வெண்சுதையை ஒரு பசையிற் குழைத்துப் பூசி அடித்தளம் அமைப்பர். அப்பசை ஆட்டுத்தோலையும் தோல் துணுக்குகளையும் காய்ச்சி எடுத்ததாகும்.

நம் நாட்டு வச்சிரலேபம்

நம் ஆலய மரபில் முட்டைக்கு இடமில்லை. அதன் இடத்தில் நம் நூலோர் பிற பசைகளை வகுத்தனர். கேரளத்தில் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்பரத்தினம் வேப்பம் பிசினைக் கூறுகிறது. கேரளக் கோயில் ஓவியர் சுவருக்குச் சுண்ணாம்பைப் பல முறை பூசி, வேப்பம் பிசினும் இளநீரும் வண்ணத்திற் சேர்த்து எழுதினர். தஞ்சைப் பலகை ஓவியத்தில் கோந்தும் புளியங்கொட்டைப் பசையும் பயன்பட்டன.

இவற்றினும் பழைமையானதும் பரந்து வழங்கியதும் வச்சிரலேபம் என்னும் தோற்பசை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ இதன் செய்முறையைத் தெளிவுறக் கூறுகிறது. எருமையின் பச்சைத் தோலை நீரிலிட்டு வெண்ணெய் போல் குழையும் வரை காய்ச்ச வேண்டும். நீர் வற்றியபின் கிடைக்கும் களியைக் குச்சிகளாக உருட்டி வெயிலில் உலர்த்த வேண்டும். அவை கல் போல் இறுகிவிடும். வேண்டும்போது ஒரு குச்சியை மட்பாண்டத்தில் வெந்நீரிலிட்டால் அது கரைந்து பசையாகும். அதனோடு வெண்மண்ணைச் சேர்த்து மும்முறை சுவரிற் பூசி, அத்தளத்தின் மீது சித்திரம் எழுதுதல் மரபு. தமிழ்நாட்டுத் தச்சர் மரத்தை ஒட்டப் பயன்படுத்தும் பசைக்கு ‘வச்சிரம்’ என்று பெயர் வழங்குவது இப்பழஞ்சொல்லின் எச்சமே. அரசவை நூலில் வாழ்ந்த சொல் தச்சுப் பட்டறையிலும் வாழ்ந்தது.

தோல் தொழிலும் திருத்தொண்டும்

இவ்விடத்து, பாலாற்றுப் பகுதியிலுள்ள வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை நினைவு கூர்தல் தகும். தோல் பதனிடும் தொழிலால் உலகச் சந்தையில் பெயர் பெற்ற ஊர்கள் இவை. மேனாட்டு இரசாயன முறைகள் பரவுமுன் இங்குத் தோல் பதனிட வேண்டிய பொருள்கள் சிலவே. தோலை ஊறவைத்து மயிர் நீக்கச் சுண்ணாம்பு. துவர்ப்பேற்ற ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இவற்றுள் சுண்ணாம்பும் கடுக்காயும் கோயிற் கொத்தனார்க்கும் உரியவை என்பது எண்ணி மகிழத்தக்கது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்தே பழங்கோயில் விமானங்களையும் சுதைச் சிற்பங்களையும் தாங்கி நிற்கிறது. பதனிடுமுன் அறுத்துத் தள்ளும் பச்சைத் தோல் துணுக்கோ வச்சிரத்துக்கு மூலப்பொருள். ஆகவே தோல் தொழிலாளியின் குழியில் இருந்த சுண்ணாம்பும் கடுக்காயும் தோலுமே, மற்றொரு கையில், சுவராகவும் சாந்தாகவும் சித்திரமாகவும் உருப்பெற்றன.

இத்தொடர்பினை இழிவாகக் கருதுதல் சைவ மரபுக்கும் ஒவ்வாது. திருநாளைப்போவார் என்னும் நந்தனார், கோயில்களின் பேரிகை முதலிய முழவுகளுக்கு வேண்டும் தோலும் வாரும், யாழுக்கு வேண்டும் நரம்பும், பூசனைக்கு வேண்டும் கோரோசனையும் அளித்துத் தொண்டு செய்தார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்தில் போற்றுகிறார். அவர் கொடுத்த தோல் கோயிலுள் முழங்கியது. கொடுத்தவரோ நெடுநாள் புறத்தே நின்றார். அந்நிலை மாற நூற்றாண்டுகள் ஆயின. 1939ஆம் ஆண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் எல்லாக் குலத்தாரும் நுழைந்து வழிபட வழி திறந்தது. திருச்சுவரில் பொலியும் தெய்வ வடிவங்களைத் தாங்கி நிற்கும் பசையிலும் இத்தகைய பெயரறியாத் தொண்டர்தம் உழைப்பு உறைந்துள்ளது என்பதை அறிவோர், அத்தொழிலையும் தொழிலாளரையும் திருத்தொண்டின் வரிசையில் வைத்தே எண்ணுவர்.

ஆர்மாமலைக் குகை

ஆம்பூர்ப் பகுதியிலேயே பழஞ்சித்திரம் ஒன்று உண்டு. மலையம்பட்டு என்னும் சிற்றூரை அடுத்த ஆர்மாமலைக் குகையில் ஏறத்தாழக் கி.பி. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த சமண ஓவியங்கள் உள்ளன. இயற்கைக் குகையைச் சமண முனிவர் தம் உறைவிடமாகவும் வழிபாட்டிடமாகவும் ஆக்கி, மண் சுவர் எடுத்தனர். பாறையின் கரடுமுரடான பரப்பின்மேல் சாந்தினைக் கனமாக இட்டு, அதன்மேல் சுண்ணாம்பினை மெல்லியதாகப் பூசி ஓவியம் தீட்டினர். திசைகாவலர் உருவங்களும், கிடாய் ஊர்தியில் தன் துணைவியுடன் வரும் தீக்கடவுளும், தாமரைப் பொய்கைக் காட்சிகளும் அங்கு எழுதப்பெற்றன. ஈரச்சாந்து முறையும் பசைவண்ண முறையும் அங்கே கலந்து காணப்படுகின்றன என ஆய்வாளர் கூறுவர். சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒப்புநோக்கத் தக்க இச்செல்வம் இன்று பெரிதும் சிதைந்து, சில பகுதிகளே எஞ்சியுள்ளது. திசைகாவலரைச் சமணமும் சைவமும் வைணவமும் ஒருங்கே போற்றும். எச்சமயத்தார் எழுதிய தெய்வ வடிவமாயினும் அதன் அழிவு நாட்டின் இழப்பேயாம்.

அசந்தாவில் சந்தித்த இரு மரபுகள்

மேனாட்டு முட்டைக்கரு மரபும் நம் சுவரோவிய மரபும் ஒரு காலத்தில் ஒரே குகையில் சந்தித்தன. கிறித்தியானா எரிங்காம் என்னும் ஆங்கிலப் பெண்மணி சென்னினியின் நூலை 1899இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அந்நூல் கூறிய முறையே தம் கையால் முட்டைக்கரு வண்ணம் ஆக்கி எழுதிப் பயின்றார். 1901இல் அவ்வண்ணத்தில் எழுதுவோர் சங்கம் இலண்டனில் தோன்றவும் காரணராக இருந்தார். அத்தகையவர் 1909 முதல் 1911 வரையிலான குளிர்காலங்களில் அசந்தாக் குகைகளில் தங்கி அங்குள்ள ஓவியங்களைப் படியெடுத்தார். அவருக்குத் துணை நின்ற இளைஞருள் நந்தலால் போசு, அசித்குமார் ஆல்தார், மைசூர் வேங்கடப்பா ஆகியோர் இருந்தனர். அசந்தாவின் ஓவியம் மண்சாந்தின்மேல் மெல்லிய வெண்பூச்சிட்டுப் பசைவண்ணத்தால் எழுதப்பெற்றது. படிகள் 1915இல் நூலாக வெளிவந்தன. நந்தலால் போசு பிற்காலத்தில் பசைவண்ண ஓவியத்துக்கு இந்தியாவில் புத்துயிர் அளித்தார். 1938இல் அரிபுரா காங்கிரசு மாநாட்டுக்கு அவர் எழுதிய ஓவியங்கள் அம்முறையின. பழஞ்சுவரைப் பொறுமையோடு நோக்கி அதன் செய்முறையைக் கற்றோரே புதிய கலையையும் வளர்த்தனர் என்பது இதனால் தெளியலாம்.

மறைந்தவையும் மீண்டவையும்

தமிழ்நாட்டுக் கோயில்களிலும் இத்தகைய மீட்பு நிகழ்ந்ததுண்டு. காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சிற்றாலயங்களில், பிற்காலத்துப் பூச்சின் கீழ் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களை 1931இல் சூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் கண்டறிந்தார். அதே ஆண்டில் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றறையில், நாயக்கர் கால ஓவியத்தின் கீழ்ச் சோழர் ஓவியம் உறங்குவதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறும், அவர் வெள்ளானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை செல்லும் காட்சியும், திரிபுரமெரித்த பெருமான் கோலமும் இருளினின்று வெளிப்பட்டன. 1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் இவற்றின் சாந்தையும் வண்ணத்தையும் ஆய்ந்து, சோழர் ஓவியம் ஈரச்சாந்து முறையில் எழுதப்பெற்றது என முடிவு கூறினார். பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர், மேலுள்ள நாயக்கர் ஓவியத்தின் பகுதிகளைச் சிதையாமல் உரித்து எடுத்து வேறு பலகையிற் பதித்து, கீழுள்ள சோழர் ஓவியத்தையும் காட்டினர். ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்க வேண்டுவதில்லை என்னும் உண்மை அங்கு நிலைநாட்டப்பெற்றது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் எழுதப்பெற்ற முசுகுந்தன் வரலாற்று ஓவியங்களும் அண்மைக் காலத்தில் அழுக்கு நீக்கிப் பேணப்பெற்றன.

திருப்பணி செய்வோர் கருதத்தக்கவை

மீண்டவை சில, மறைந்தவை பல. வருந்தத்தக்கது யாதெனில், அவற்றுட் பல பகைவரால் அழிந்தவையல்ல, பக்தியால் அழிந்தவை. குடமுழுக்கு நெருங்குகையில் கோயில் பளிச்சிட வேண்டும் என்னும் ஆர்வம் எழுகிறது. புகை படிந்த சுவர் அழுக்காகத் தோன்றுகிறது. நீர் பாய்ச்சிக் கழுவுகின்றனர், வெள்ளையடிக்கின்றனர், எனாமல் வண்ணம் பூசுகின்றனர், கல்லின்மேல் மணலை வீசிச் சுரண்டுகின்றனர். பணம் கொடுத்தோர் புண்ணியம் செய்தோம் என மகிழ்கையில், முந்நூறு ஆண்டுப் புண்ணியம் ஒரு பகலிற் கரைந்து போகிறது.

இங்கேதான் பசையைப் பற்றிய அறிவு பயன்படும். தோற்பசையும் பிசினும் நீரிற் கரைவன. அவற்றால் எழுதிய சித்திரத்தின்மேல் ஒரு குடம் நீர் ஊற்றினால் வண்ணம் நீரோடு வழிந்தோடும். கலசத்தில் ஊற்றும் போது அருள் தரும் நீரே சித்திரத்தில் ஊற்றும் போது அழிவு தரும். ஈரச்சாந்தில் எழுதியது நீரை ஓரளவு தாங்கும். ஆயினும் தேய்த்தலையும் அமிலக் கழுவலையும் தாங்காது. எனாமல் வண்ணமோ சுவரின் துளைகளை அடைத்து விடும். கோயிற் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. துளை அடைபட்டால் உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் வெளிவர முயன்று, பூச்சையும் அதன் கீழுள்ள பழஞ்சாந்தையும் பெயர்த்து வீழ்த்தும்.

ஆதலின் திருப்பணிக்குழுவினரும் உபயதாரரும் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நலம். சாரம் கட்டுமுன் மண்டபங்கள், சுற்றறைகள், கோபுர நிலைகள், விதானங்கள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்வையிட்டு, எங்கேனும் வண்ணத் தடம் தெரிகிறதா எனக் குறித்து வைத்தல் வேண்டும். தெரிந்தால் அவ்விடத்தில் நீரும் தூரிகையும் படாமல் காத்து, தொல்லியல் வல்லுநர்க்கும் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்க்கும் அறிவித்தல் வேண்டும். முதற்செலவு மேற்கூரையின் ஒழுகலை நிறுத்துவதற்கே ஆகட்டும். மேலே ஒழுகும் கூரையின் கீழ் எந்த ஓவியமும் நிலையாது. பழுது பார்க்கும் சாந்து சிமெண்டாக இராமல் சுண்ணாம்பாக இருத்தல் நன்று. பழஞ்சாந்தோடு அதுவே ஒத்து வாழும். விளக்கும் கற்பூரமும் ஓவியச் சுவருக்கு அண்மையில் ஏற்றாமல் சற்று விலக்கி வைத்தால் கரி படியாது. இவற்றுக்கு ஆகும் பொருள் மிகுதியன்று. பொறுமையே மிகுதியாக வேண்டும்.

புதிய சித்திரம் எழுத விரும்புவோர்க்கும் தடையில்லை. கேரளத்தில் சுண்ணாம்பும் மண்வண்ணமும் பிசினும் கொண்டு எழுதும் கலைஞர் இன்றும் உளர். அம்மரபினைப் பயிற்றுவிக்கும் நிலையமும் குருவாயூரில் உண்டு. வெறுஞ்சுவர் தேடி அவ்வாறு எழுதுவித்தல் பெருந்தொண்டு. பழஞ்சித்திரத்தை மறைத்து அதன்மேல் எழுதுவித்தல் தொண்டாகாது.

ஒரு கோயிலுக்குக் கொடை அளித்தோர் பெயர் கல்லில் நிற்கிறது. வண்ணம் அரைத்தவர், பசை காய்ச்சியவர், தோல் ஈந்தவர், சாரத்தில் நின்று எழுதியவர் ஆகியோர் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. அவர்தம் கைவண்ணம் ஒன்றே அவர்க்குரிய கல்வெட்டு. அதனை அழியாது காத்து அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்தல், விமானத்துக்குப் பொன் வேய்தலோடு ஒப்ப வைத்தெண்ணத்தக்க திருப்பணியாகும். குடமுழுக்குக் காணும் அன்பர் அனைவரும் இப்பணியிலும் பங்கு கொள்ள எல்லாம் வல்ல இறைவன் திருவருள் கூட்டுவானாக.